சிங்கப்பூரில் வேதியியல் ஆய்வு வேலை: எங்கே தட்டுவது, எப்படித் தட்டுவது

"என்யூஎஸ் கெமிஸ்ட்ரியில் வேக்கன்சி இருக்கா?" ஊரிலிருந்து வரும் வாட்ஸ்அப் செய்திகளில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும். என்யூஎஸ் என்பது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம். அறிவிக்கை வரும், காலியிடம் இத்தனை என்று போட்டிருக்கும், கடைசித் தேதிக்குள் விண்ணப்பித்தால் போதும் என்று பழகிய நமக்கு அந்தக் கேள்வி இயல்புதான். ஆனால் இங்கே ஆள் எடுப்பது அப்படி நடப்பதில்லை. துறை முழுவதற்கும் சேர்த்து ஒரு காலியிடப் பட்டியல் கிடையாது. ஒவ்வொரு வேலைக்கும் பின்னால் ஒரு பணப்பை இருக்கிறது. அது யாருடையது என்று கண்டுபிடித்துவிட்டால் யாருக்கு எழுத வேண்டும், என்ன எழுத வேண்டும், எத்தனை ஆண்டு நிலைக்கும் என்பதெல்லாம் தானாகத் தெளிந்துவிடும்.

1. முதலில் பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் ஆகியோருக்குச் சம்பளம் பல்கலைக்கழகத்தின் சொந்தப் பணம். ஆகவே தேர்வுக் குழு, துறைத் தலைவர், டீன், அதற்கும் மேலே என்று பல படிகள். ஒரு பேராசிரியரை உங்களுக்குத் தெரியும் என்பதால் எதுவும் நடந்துவிடாது. இதே வரிசையில் கற்பித்தலுக்கென்றே தனிப் பாதையும் உண்டு. ஆராய்ச்சியைவிட வகுப்பறையில் கெட்டிக்காரர்கள் அதைக் கவனிக்கலாம்.

ரிசர்ச் ஃபெலோ, அதாவது பிஎச்டி முடித்துவிட்டு ஒப்பந்தத்தில் வரும் ஆய்வாளர், கதை வேறு. ஒரு பேராசிரியர் வாங்கிய ஆய்வு மானியத்திலிருந்து அந்தச் சம்பளம் வருகிறது. மானியம் முடிந்தால் வேலையும் முடியும். எடுப்பதும் விடுவதும் ஏறக்குறைய அவர் ஒருவர் கையில். பிஎச்டி இல்லாமல் எம்எஸ்சியோடு வருபவர்களுக்கு ரிசர்ச் அசோசியேட், ரிசர்ச் அசிஸ்டென்ட் பதவிகள். அவையும் பெரும்பாலும் மானியப் பணம்தான்.

மூன்றாவது, ஏ-ஸ்டார் எனப்படும் அரசு ஆய்வு அமைப்பு. 'சயின்டிஸ்ட்' என்ற பதவிப் பெயரை அதிகம் பார்ப்பது இங்கேதான். வேதியியலாளர்களுக்கு முக்கியமானவை இரண்டு. ஒன்று, ஃபியூஷனோபொலிஸில் உள்ள பொருளறிவியல் ஆய்வுக் கழகம். மற்றது, ஜூரோங் தீவில் இயங்கிவந்த வேதியியல், பொறியியல் அறிவியல் கழகம். இது 2022இல் வேதிப்பொருள், எரிசக்தி, சுற்றுச்சூழல் ஆகியவற்றின் நீடித்த நிலைத்தன்மைக்கான கழகமாக உருமாறியது. ஜூரோங் தீவு பாதுகாக்கப்பட்ட பகுதி. பாஸ் இல்லாமல் சோதனைச் சாவடியைத் தாண்ட முடியாது. சும்மா போய் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பாதீர்கள்.

பல்கலைக்கழகம் என்று எடுத்துக்கொண்டால் இரண்டு பெயர்கள்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். கென்ட் ரிட்ஜில் உள்ள சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறை, 1929இல் ராஃபிள்ஸ் கல்லூரியோடு தொடங்கிய பழைய துறை. மேற்கே ஜூரோங் பக்கம் உள்ள நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் (என்டியூ) வேதியியலும் வேதிப்பொறியியலும் உயிர்த் தொழில்நுட்பமும் இப்போது ஒரே பள்ளியின் கீழ் இருக்கின்றன. 'கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட்' என்று மட்டும் தேடினால் அங்கே உள்ள விளம்பரம் கண்ணில் படாமலே போகலாம்.

பலர் தவறவிடும் கதவுகளும் உண்டு. நன்யாங்கின் பகுதியான தேசியக் கல்விக் கழகத்தில் வேதியியல் ஆய்வுக்குழுக்கள் இருக்கின்றன. என்யூஎஸ்ஸின் யூனிவர்சிட்டி டவுன் வளாகத்தில் உள்ள 'கிரியேட்' கட்டடத்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் வேதித் தொழிற்சாலைகளின் கரியமில வாயுவைக் குறைப்பது பற்றி வேலை செய்கிறது. வினையூக்கி, மின்வேதியியல் ஆட்களுக்கு நல்ல இடம்.

2. பெயரையும் சான்றிதழையும் சரிசெய்து வையுங்கள்

இதை இவ்வளவு முன்னால் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஆட்கள் திறமையில் தடுக்கி விழுவதைவிடப் பெயரில் தடுக்கி விழுவது அதிகம்.

ஒருவர் பட்டச் சான்றிதழில் 'செந்தில்குமார் மு'. பாஸ்போர்ட்டில் 'செந்தில்குமார் முத்துசாமி'. முதல் கட்டுரையில் 'எம். செந்தில்குமார்', போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) போன பிறகு 'செந்தில் குமார்', கொரியாவில் இருந்தபோது 'முத்துசாமி எஸ்.கே.' தேர்வுக் குழுவில் இருப்பவர் கூகுள் ஸ்காலரில் தேடினால் மூன்று தனித்தனி ஆட்கள் வருவார்கள். மூவருக்கும் மேற்கோள் குறைவு! ஆர்க்கிட் (ORCID) எனப்படும் ஆய்வாளர் அடையாள எண் ஒன்று எடுத்து எல்லாக் கட்டுரைகளையும் அதன் கீழ் கொண்டுவாருங்கள். சிவியின் தலைப்பிலேயே "கட்டுரைகளில் இந்தப் பெயர்களில் வெளியானது" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். சிங்கப்பூர்க்காரர்களுக்கு இந்த முதலெழுத்துச் சங்கதி புதிதல்ல. இங்குள்ள தமிழர்களின் அடையாள அட்டையிலேயே 'இன்னாரின் மகன்' என்ற குறிப்போடு பெயர் இருக்கும். ஆனால் தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருப்பவர் ஜெர்மானியராகவோ சீனராகவோ இருக்கலாம். அவருக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அடுத்து, பட்டம். பட்டமளிப்பு விழாவுக்குப் போகாமல் தற்காலிகச் சான்றிதழை மட்டும் கையில் வைத்துக்கொண்டு சுற்றுபவர்கள் நம்மில் ஏராளம். வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது பட்டத்தைப் பின்னணிச் சரிபார்ப்பு நிறுவனம் மூலம் உறுதிசெய்யச் சொல்வார்கள். அந்த நிறுவனம் உங்கள் பல்கலைக்கழகத்தின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு எழுதி, பதில் வரக் காத்திருக்கும். எவ்வளவு வேகமாக வரும் என்று உங்களுக்கே தெரியும். விண்ணப்பிக்க நினைக்கும்போதே அசல் பட்டத்தை வாங்கி, பதிவெண் தெளிவாகத் தெரியும்படி ஸ்கேன் செய்து வைத்துவிடுங்கள்.

3. ரிசர்ச் ஃபெலோவா? மின்னஞ்சல்தான் எல்லாம்

விளம்பரம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மானியம் இப்போதுதான் கிடைத்த பேராசிரியரைத் தேடுங்கள். கல்வி அமைச்சின் கல்விசார் ஆய்வு நிதி மூன்று அடுக்குகளாக இருக்கிறது. இரண்டாம் அடுக்கில் ஒரு திட்டத்துக்கு 3 ஆண்டுகளில் 1 மில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை கிடைக்கும். அந்த அளவு பணம் வந்தால் ஆள் எடுத்தே ஆக வேண்டும். புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர்களும் அப்படித்தான்: தொடக்க நிதி கையில் இருக்கும், ஆய்வகம் காலியாக இருக்கும். பெரிய பெயர்களை மட்டும் குறிவைப்பவர்களுக்கு நான் சொல்வது, இந்தப் புதியவர்களைப் பாருங்கள் என்பதுதான்.

மின்னஞ்சலை "ரெஸ்பெக்டட் சார்" என்று ஆரம்பிக்காதீர்கள். மரியாதை குறைவு என்பதற்காக அல்ல. அந்த இரண்டு சொல்லைப் பார்த்ததுமே நூறு பேருக்கு ஒரே கடிதம் போயிருக்கிறது என்று தோன்றிவிடும். பேராசிரியர் பெயரைச் சரியாக எழுதுங்கள். சீனப் பெயரில் குடும்பப் பெயர் முன்னால் வரும். உதாரணத்துக்கு டான் வெய் மிங் என்றால் அவர் 'ப்ரொஃப் டான்'. 'ப்ரொஃப் மிங்' இல்லை. மலாய்ப் பெயரில் குடும்பப் பெயரே கிடையாது, நம்மைப் போல அப்பா பெயர்தான் பின்னால் நிற்கும். ஆகவே முதற்பெயரைச் சொல்லியே அழைக்க வேண்டும்.

ஆங்கிலத்தில்தான் எழுதப்போகிறீர்கள். முதல் பத்தியின் சாரம் இப்படி இருக்கட்டும்: "உங்கள் குழுவின் நிக்கல் வினையூக்கக் கட்டுரையில் அரைல் குளோரைடுகளுக்கு விளைச்சல் குறைந்ததைக் கவனித்தேன். என் பிஎச்டியில் அதே வகைச் சேர்மங்களுக்கு வேறு ஈனியை வைத்து வேலை செய்திருக்கிறேன். கிளவ்பாக்ஸ், ஷ்லெங்க் லைன் இரண்டும் தனியாகக் கையாளத் தெரியும். ஜூலை முதல் சேர முடியும்." நான்கே வரி. இதில் அவருடைய வேலையைப் படித்த அடையாளம் இருக்கிறது, உங்கள் கைத்திறன் இருக்கிறது, தேதி இருக்கிறது. "கடின உழைப்பாளி, குழுவோடு ஒத்துழைப்பவன், உங்கள் மேலான ஆய்வகத்தில் சேர விழைகிறேன்" என்ற வரிகளை எடுத்துவிட்டால் ஒன்றும் குறையாது.

எந்தக் கருவியைத் தொட்டிருக்கிறீர்கள் என்பதைச் சுற்றிவளைக்காமல் எழுதுங்கள். என்எம்ஆருக்கு மாதிரி கொடுத்து அனுப்பியதும் நீங்களே உட்கார்ந்து இரு பரிமாண நிறமாலை எடுத்ததும் ஒன்றல்ல. நேர்காணலில் இரண்டே கேள்வியில் இது வெளியே வந்துவிடும்.

பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். டிசம்பர் பிற்பாதியிலும் சீனப் புத்தாண்டை ஒட்டியும் பதிலை எதிர்பார்க்காதீர்கள். அந்த வாரங்களில் இங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

சொந்தப் பணத்தோடு வரும் வழியும் உண்டு. நன்யாங்கில் பிரெசிடென்ஷியல் போஸ்ட்டாக்டரல் ஃபெலோஷிப் போன்றவை உங்கள் திட்டத்துக்கே நிதி தருபவை. போட்டி கடுமை, ஆனால் கிடைத்தால் யாருடைய மானியத்தையும் நம்பியிருக்க வேண்டாம்.

4. பேராசிரியர் பதவிக்கு

கவரிங் லெட்டர், சிவி, ஆய்வுத் திட்டம், கற்பித்தல் குறிப்பு, பரிந்துரையாளர்கள். கேட்கும் பட்டியல் உலகம் முழுக்க ஏறக்குறைய இதுதான். வித்தியாசம் ஆய்வுத் திட்டத்தில்.

இதுவரை செய்ததையே நீட்டி எழுதியிருந்தால் உங்கள் போஸ்ட்டாக் குருவின் நிழல் என்று ஒதுக்கிவிடுவார்கள். குருவின் ஆய்வகத்தில் இல்லாத ஒரு யோசனையாவது வேண்டும். அது இந்த ஊரில் ஏன் நடக்க வேண்டும் என்பதற்கும் பதில் வேண்டும். 2021 முதல் 2025 வரையிலான ஆய்வுத் திட்டத்துக்கு சிங்கப்பூர் அரசு ஒதுக்கிய தொகை சுமார் 25 பில்லியன் வெள்ளி. இவ்வளவு பணத்தைப் போடும் நாடு, அது எங்கே போகிறது என்று கேட்கத்தான் செய்யும். கடலும் சுத்திகரிப்பு ஆலைகளும் பக்கத்தில் இருக்கும் ஊரில் கரியமில வாயுவை வேதிப்பொருளாக மாற்றுவது, பிளாஸ்டிக்கைச் சிதைப்பது, நீர் சுத்திகரிப்பு போன்றவை எளிதில் புரியும். அதற்காக முழுக்க அடிப்படை ஆய்வு செய்பவர் பச்சைச் சாயம் பூசிக்கொள்ள வேண்டாம். அதைச் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

தேசிய ஆய்வு அறக்கட்டளையின் ஃபெலோஷிப்பையும் தெரிந்து வைத்திருங்கள். எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். 5 ஆண்டுகளுக்குச் சுமார் 3 மில்லியன் வெள்ளி ஆய்வு நிதி. இதை வாங்கிக்கொண்டு வருபவரைப் பல்கலைக்கழகங்கள் இரு கை நீட்டி வரவேற்கும். நன்யாங் உதவிப் பேராசிரியர் திட்டம், என்யூஎஸ்ஸின் பிரெசிடென்ஷியல் இளம் பேராசிரியர் திட்டம் ஆகியவையும் இளையவர்களுக்கானவை.

பரிந்துரைக் கடிதம் நம் ஊரின் பலவீனம். "மிகவும் ஒழுக்கமானவர், நேரம் தவறாதவர், எல்லா நலன்களும் பெற வாழ்த்துகிறேன்" என்று கையெழுத்திட்டுக் கொடுக்கும் பெரியவர்களின் கடிதம் இங்கே மைனஸ் மார்க். எந்தச் சிக்கலில் நீங்கள் தனியாக எந்த முடிவை எடுத்தீர்கள் என்று எழுதக்கூடியவரைக் கேளுங்கள். தயக்கமில்லாமல் அவருக்கு ஒரு பக்கக் குறிப்பும் அனுப்புங்கள். "ஐயா, அந்த மூன்றாம் ஆண்டுச் சோதனையை நீங்கள் குறிப்பிட்டால் உதவியாக இருக்கும்" என்று கேட்பதில் தப்பே இல்லை.

5. நேர்காணல்

ரிசர்ச் ஃபெலோவுக்குப் பெரும்பாலும் ஸூமிலேயே முடிந்துவிடும்: அரைமணி பேச்சு, அப்புறம் கேள்விகள், சில சமயம் குழுவில் உள்ள மாணவர்களோடு தனி உரையாடல். மாணவர்களோடு பேசும் நேரத்தை விட்டுவிடாதீர்கள். அந்த ஆய்வகத்தில் சனிக்கிழமை என்ன நடக்கும், மாதம் எத்தனை அறிக்கை கேட்பார் என்பதை அவர்களிடம்தான் தெரிந்துகொள்ள முடியும்.

பேராசிரியர் பதவிக்கு நேரில் அழைத்தால் ஒரு பொதுச் சொற்பொழிவு, மூடிய அறையில் எதிர்காலத் திட்டம் பற்றிய விவாதம், துறையில் பலரோடு தனித்தனிச் சந்திப்பு, டீன் அறை. பொதுச் சொற்பொழிவில் பகுப்பாய்வு வேதியியலாளரும் கணினிவழி வேதியியலாளரும் சேர்ந்தே உட்கார்ந்திருப்பார்கள். முதல் பத்து நிமிடம் அவர்கள் எல்லாருக்கும் புரிய வேண்டும். மூடிய அறையில்தான் கத்தி வெளியே வரும். "இந்த வினை 0.1 மில்லிமோல் அளவில் 92 சதவீதம் என்கிறீர்கள், 5 கிராம் அளவில் என்ன ஆகும்?" "முதல் மாணவர் முதல் நாள் என்ன செய்வார்?" "இது ஓடாவிட்டால்?" இந்தக் கடைசிக் கேள்விக்கு "ஓடும் சார்" என்று சிரித்தால் முடிந்தது கதை. இரண்டாவது வழி எது, எந்த மாதத்தில் அதற்கு மாறுவீர்கள் என்று சொல்லத் தெரிய வேண்டும்.

கருவி எது வேண்டும் என்று கேட்டால் பட்டியலோடு போங்கள். எது துறையில் பொதுவாக இருக்கிறது, எதை நீங்களே வாங்க வேண்டும் என்று பிரித்துச் சொன்னால் முன்கூட்டியே படித்துவிட்டு வந்திருக்கிறார் என்று தெரியும்.

6. கடிதம் வந்த பிறகு

ரிசர்ச் ஃபெலோ என்றால் மூன்று விஷயம் கேளுங்கள்: ஒப்பந்தம் எத்தனை மாதம், மானியம் எப்போது முடிகிறது, நீட்டிப்பு யார் முடிவு. ஓராண்டு ஒப்பந்தத்தை ஆண்டுதோறும் புதுப்பிப்பது சாதாரணம்தான். ஆனால் மானியத்தில் எட்டு மாதம்தான் மிச்சம் என்றால் குடும்பத்தைக் கூட்டிவருவதை யோசிக்க வேண்டும். பேராசிரியர் என்றால் தொடக்க நிதி, ஆய்வக இடம், பிஎச்டி மாணவர் இடங்கள், முதல் ஆண்டு பாடச் சுமை ஆகியவற்றைக் கடிதத்தில் எழுத்தில் வாங்குங்கள்.

வெளிநாட்டவருக்கு மத்திய சேம நிதி கிடையாது. சம்பளத்தில் பிடித்தமில்லாமல் முழுசாகக் கைக்கு வரும். வருமான வரியும் மாதாமாதம் பிடிக்க மாட்டார்கள். மறு ஆண்டு ஏப்ரல் 18க்குள் இணையத்தில் கணக்குக் காட்ட வேண்டும், அப்புறம் மொத்த வரிக்கும் சீட்டு வரும். வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் ஜைரோ முறையில் 12 தவணையாகக் கட்டலாம். ஊரில் டிடிஎஸ் பழகியவர்கள் அந்தச் சீட்டைப் பார்த்துத் திடுக்கிடுவது இங்கே வழக்கம்.

7. வேலை அனுமதி

எம்ப்ளாய்மென்ட் பாஸ், பேச்சில் 'இபி'. விண்ணப்பிப்பது பல்கலைக்கழகம். 105 வெள்ளி விண்ணப்பக் கட்டணம், 225 வெள்ளி வழங்கும் கட்டணம். இவை இரண்டும் முதலாளி தரப்பின் செலவு. "என்டியூவில் வேலை, இபிக்கு இரண்டு லட்சம் கட்டுங்கள்" என்று திருச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ யாராவது பேசினால் போனை வைத்துவிடுங்கள். எந்தப் பல்கலைக்கழகமும் விண்ணப்பதாரரிடம் காசு வாங்காது.

2025 ஜனவரி முதல் பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 5,600 வெள்ளி. வயது கூடக்கூட இந்தத் தொகையும் ஏறும். நாற்பதுகளின் நடுவில் உள்ளவருக்கு 10,700 வரை போகும். ஊரில் பதினைந்து ஆண்டு ஆசிரியப் பணி செய்துவிட்டு 44 வயதில் ரிசர்ச் ஃபெலோவாக வர நினைப்பவர்கள் இதை முதலிலேயே பார்த்துவிட வேண்டும். மானியத்தில் அவ்வளவு சம்பளம் போடப் பேராசிரியரால் முடியாமல் போகலாம்.

அதைத் தாண்டினால் கம்பாஸ் என்ற புள்ளி முறை, 2023 செப்டம்பர் முதல். நான்கு அடிப்படைக் கூறுகள்: சம்பளம், கல்வித் தகுதி, நிறுவனத்தில் உங்கள் நாட்டவர் எத்தனை பேர், உள்ளூர்க்காரர்களுக்கு நிறுவனம் எவ்வளவு இடம் தருகிறது. ஒவ்வொன்றுக்கும் 0, 10 அல்லது 20. மொத்தம் 40 வேண்டும். முதல் இரண்டுதான் உங்கள் கையில் உள்ளவை. மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் சுயமதிப்பீட்டுக் கருவி இருக்கிறது. கையெழுத்திடும் முன் உங்கள் விவரத்தைப் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று: இபிக்கு விண்ணப்பிக்கும் முன் பொதுவாக அந்த வேலையை மைகேரியர்ஸ்ஃபியூச்சர் என்ற அரசு வேலைவாய்ப்புத் தளத்தில் குறைந்தது 14 நாள் விளம்பரப்படுத்தியிருக்க வேண்டும். பேராசிரியர் "எடுத்துக்கொள்கிறேன்" என்று சொன்ன பிறகும் மூன்று நான்கு வாரம் ஒன்றும் அசையாதிருப்பது போலத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். பழைய வேலையை அதற்குள் விட்டுவிட வேண்டாம். கொள்கையளவு ஒப்புதல் கடிதம் கைக்கு வந்த பிறகு ராஜினாமா செய்தால் போதும்.

மனைவியையோ கணவரையோ பிள்ளைகளையோ கூட்டிவரச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி. பெற்றோரைக் கூட்டிவர 12,000.

8. வந்து இறங்கியதும்

என்யூஎஸ் என்றால் கிளமெண்டி, புவன விஸ்தா பக்கம் வீடு பாருங்கள். என்டியூ என்றால் பூன் லே, பயனியர். பூன் லேயிலிருந்து 179, 199 பேருந்துகள் வளாகத்துக்குள்ளேயே போகும். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்குக் குறைந்தது ஆறு மாத ஒப்பந்தம் வேண்டும். இரண்டு மூன்று மாதம் மட்டும் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அது விதிக்குப் புறம்பு.

பள்ளி வயதுப் பிள்ளைகள் இருந்தால் அரசுப் பள்ளியில் நேராகச் சேர்த்துவிட முடியாது. பெரும்பாலான வகுப்புகளுக்கு ஆங்கிலம், கணிதம் இரண்டிலும் வெளிநாட்டு மாணவர்களுக்கான நுழைவுத் தேர்வு உண்டு. தேறினாலும் இடம் இருந்தால்தான். கிடைத்துவிட்டால் தாய்மொழிப் பாடமாகத் தமிழ் எடுக்கலாம்.

ஆய்வகத்தில் முதல் வாரம் வேதியியல் செய்ய விட மாட்டார்கள். பாதுகாப்புப் பயிற்சி, தீயணைப்புப் பயிற்சி, நீங்கள் செய்யப்போகும் ஒவ்வொரு வினைக்கும் ஆபத்து மதிப்பீட்டுப் படிவம். அடுக்குமாடிக் கட்டடத்தில் இயங்கும் ஆய்வகங்கள் என்பதால் எரியக்கூடிய கரைப்பானை ஒரு அறையில் எவ்வளவு வைக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு இருக்கிறது. ஊரில் போல மேசைக்கு அடியில் இருபது லிட்டர் ஹெக்ஸேன் கேனை உருட்டி வைக்க முடியாது. சிலருக்கு இந்தப் படிவங்கள் எரிச்சல் தரும், ஆனாலும் வழி கிடையாது. பயிற்சிகளை முடித்த பதிவு ஏறினால்தான் உங்கள் அட்டைக்கு ஆய்வகக் கதவு திறக்கும். இணையவழிப் பாடங்களில் சிலவற்றை ஊரில் இருக்கும்போதே முடிக்க முடியுமா என்று துறை அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.